உடன் வந்தவர்

ஒளியியல் ஆராய்ச்சியையும் தொழிற்சாலைகளையும் இணைக்கும் சர்வதேச மாநாட்டில், ஒரு விஞ்ஞானியின் மனைவிக்குக் கொடுத்த அட்டையில் ‘உடன் வந்தவர்’ என்றிருந்தது. உண்மையில் கணவர்தான் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் வந்தார். அவர் உருவாக்கிய அந்தக் கருவியை யாரும் வாங்காவிட்டால் கணவரின் ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவார்கள்.

பால் ஆலை முதலாளியிடம் கணவர் சமன்பாடுகளை அவிழ்த்துவிட்டார். முதலாளி கொட்டாவி விட்டார்.

“கொஞ்சம் வாயை மூடுங்க” என்றார் மனைவி. இருவருமே மூடினார்கள்.

தேநீர் மேசையில் வெயில்பட்டுக் கிடந்த பால் பாட்டிலைத் திறக்காமலே கருவியின் ஒளியில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“கெட்டுப்போச்சு. நம்பிக்கை இல்லேன்னா மோந்து பாருங்க.”

முதலாளி திறந்து மோந்தார், முகம் கோணியது. அவசரமாகப் பாட்டிலின் பெயர்ச்சீட்டைப் பார்த்தார்.

“நல்லவேளை, எங்க பால் இல்லம்மா. இந்தக் கருவியை ஆலைக்கு எப்போ அனுப்புவீங்க?”

மாலைக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆய்வுக்கூடம் பிழைத்தது. கருவியை விற்றது ‘உடன் வந்தவர்’தான்.