கராச்சியிலிருந்து இரத்மலானைக்கு இரண்டு நாள்

பெண்ணின் வாப்பா சம்மதம் தராமல் எங்களுக்குள் நிக்காஹ் இல்லை. என் வாப்பாவுக்குக் கராச்சியில் ஒரு வியாபாரியின் சாமான் கிட்டங்கியில் காவல் வேலை. வந்து போக லீவு கிடைக்கவில்லை. "சம்மதம். கடிதம் புதன்கிழமை விமானத்தில்" என்று தந்தி அடித்தார். நிக்காஹ் நடத்தும் எருக்கலம்பிட்டி லெப்பை தந்தியை ஏற்கவில்லை. அதில் வாப்பாவின் கையெழுத்து இல்லை என்றார்.

உம்மாவின் தம்பி, என் மாமா, மன்னார் தபால் கந்தோரில் போய் விசாரித்தார். கிளாக்கர் சுவரிலிருந்த தேசப்படத்தில் நூல் பிடித்துக் காட்டினாராம். கராச்சியில் ஏறினால் மறுநாள் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் இறங்கிவிடும். நூல் எங்கள் மன்னார் தீவை ஒட்டித்தான் போனதாம்.

"வியாழன் வந்திரும். வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ்" என்றார் மாமா. எல்லாரும் தலையாட்டினோம்.

மாப்பிள்ளைக்குத் தலைமன்னார் துறையில் வேலை. கப்பல் சாமானை ரயிலில் ஏற்றுவது. சனி பின்னேரம் வரைதான் லீவு.

வியாழன் மத்தியானம் விமானம் போனது. வேலிக்குள் நின்று பார்த்தேன். ஒரு சாண் அளவுதான் தெரிந்தது. கடிதம் அதற்குள். தெற்கே போய் மறைந்தது.

வெள்ளி காலை ஆடு அறுத்தாயிற்று. கந்தோருக்குப் போன மாமா வெறுங்கையோடு வந்தார். இரத்மலானையில் இறங்கிய கடிதங்களைக் கொழும்பில் பிரிக்க ஒரு நாள் ஆகும்; வெள்ளி இரவு ரயிலில்தான் திரும்ப மன்னாருக்கு வரும். அதை மாமா கேட்கவில்லை. கிளாக்கரும் சொல்லவில்லை.

"கடிதம் எங்கட கூரைக்கு மேலாலதானே போனது, லெப்பை?" என்றார் மாமா.

"மேலால போனது கைக்கு வந்ததாகுமோ? நாளைக்கு வரட்டும்."

மாப்பிள்ளையின் உம்மா விடவில்லை. "ஆகாசத்தைப் பார்த்துக் கலியாணம் வைச்ச வீட்டை இப்பதான் காணுறன். நாளைக்கும் வராட்டி? இவனுக்கு அடுத்த லீவு நோன்பு முடிஞ்சுதான். அதுவரைக்கும் நான் வேற இடம் பாக்காம இருப்பனோ?"

நான் அறைக்குள் இருந்தேன். எல்லாம் கேட்டது.

"உம்மா, நீங்க சாப்பிடுங்கோ. அந்த ரயில் எனக்குத் தெரியும். விடிய நானே போறன்." அது மாப்பிள்ளையின் குரல். அன்றுதான் முதலில் கேட்டேன்.

"தன்ர சம்மதக் கடிதத்தைத் தானே தூக்கப் போறார் மாப்பிள்ளை" என்று யாரோ சிரித்தார்கள்.

சனி காலை மாமாவும் மாப்பிள்ளையும் தபால் கந்தோர் வாசலில் குந்தியிருந்தார்களாம். பை பிரித்ததும் மாமா கையெழுத்து வைத்து வாங்கினார். மாப்பிள்ளை கொண்டுவந்து லெப்பையிடம் கொடுத்தார். லெப்பை இரண்டு தரம் படித்தார். சம்மதம் எழுதியிருந்தது. கீழே ஒரு வரி: மகளையும் ஒருக்கால் கேளுங்கோ.

மாமா அறை வாசலுக்கு வந்து கேட்டார். அதுவரை என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஓம் என்றேன்.

மத்தியான ளுஹர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. இறைச்சி முதல் நாளையது. அவர் அதைச் சாப்பிட்டுவிட்டுப் பின்னேர ரயிலில் வேலைக்குப் போனார்.

அடுத்த வியாழன் விமானச் சத்தம் கேட்டது. நான் வெளியே வரவில்லை. அவர் சாமான் ஏற்றும் தலைமன்னார் ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று மாமாவிடம் கேட்டேன்.