நிறுத்தாமல் அடித்த மணி

மூடிய பள்ளிக்கூடத்துக்கு விழா எடுக்கிறோம், வந்து நாலு வார்த்தை பேசு என்றார்கள். மைக்கைப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஜென்மம் நான். பட்டினப்பாக்கத்துக்கும் திருவான்மியூருக்கும் நடுவே கடலை ஒட்டிக் கிடக்கும் மீனவர் குப்பங்களில் ஒன்று எங்களுடையது. அங்கிருந்த பாதிக் குடும்பங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் குறைந்தார்கள். குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டு, மிச்சம் இருந்தவர்களை மெயின் ரோட்டுப் பள்ளியில் சேர்த்தாயிற்று. கட்டடத்தை இடிப்பதற்கு முன்னால் பழைய மாணவர்கள் சேர்ந்து அதற்கு ஒரு மரியாதை செய்யலாம் என்று கிளம்பியவர்கள், கல்யாணமாகி அசோக் நகருக்குப் போய்விட்ட என்னையும் பிடித்துக்கொண்டார்கள்.

விழாவன்று காலையில் முதலில் அக்கா வீட்டுக்குத்தான் போனேன். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிவிட்டது. கடலுக்கு முதல் வரிசை வீட்டில் தனியாக இருக்கிறாள், இறால் உரித்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். என்னோடு வந்துவிடு என்றால் கேட்கவே மாட்டாள்.

"உன் மாடி ஊட்ல குந்திக்கினு நா இன்னா பண்ணுவேன்? நீ போய்ப் பேசு. ஸ்பீக்கர் கட்டிக்கீறாங்க, இங்கருந்தே கேக்குறேன். உளறிக் கொட்டாத."

எங்கள் பள்ளிக்கூட மணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சுனாமி வந்த காலையில் எங்களைக் காப்பாற்றியது அந்தப் பள்ளிக்கூட மொட்டைமாடிதான். படிக்கட்டு வெளிப்பக்கம் இருந்ததால், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் ஏற முடிந்தது. நைனா, எங்கள் அப்பா, அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். அதற்கப்புறம் பெரிய டீச்சர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். பாடவேளைக்கு மணி விட்டு விட்டு அடிக்கும். நிறுத்தாமல் அடித்தால் கடல் வருகிறது என்று அர்த்தம், போட்டது போட்டபடி மாடிக்கு ஓட வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, குப்பம் முழுமைக்கும் அதுதான் சட்டம். ஓடி ஓடிப் பழகினோம். எவ்வளவு வாலுப் பையனும் விளையாட்டுக்குக்கூட அந்த மணியைத் தொடமாட்டான். நைனா போய்ச் சேர்ந்த பிறகு அக்காவைத் தூக்குவது பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பு என்று பேச்சு. அவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளை யார் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

சிறப்பு விருந்தினர் தி.நகரில் கடை வைத்திருக்கும் பெரிய மனிதர், எங்கள் ஊர்க்காரர் இல்லை. கடைசியாக ஒரு தடவை மணியடித்துப் பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுங்கள் என்று அவர் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். மணி என்பது கயிற்றில் தொங்கும் தண்டவாளத் துண்டு. சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று ஒரு புண்ணியவான் மைக்கை வேறு அதன் பக்கத்தில் பிடித்தான். மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. டண் டண் டண் டண் என்று அடிக்கிறார், அடிக்கிறார், நிறுத்தவே இல்லை.

அடிப்பவர் அவர்தான் என்று கண்ணால் பார்க்கிறேன். புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் என் காதுக்கு அது கடல் வருகிறது என்றுதான் கேட்டது. நாற்காலிகள் சாய்ந்தன. சந்துக்குள்ளிருந்து பெண்கள் அலறினார்கள். "கடலு வந்துக்கினு கீதுடி! புள்ளயத் தூக்கு, மேல ஏறு!" அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் கடல் பக்கம் பார்க்கக்கூட இல்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அக்கா, அக்கா என்று கத்திக்கொண்டு, படியை நோக்கி வந்த கூட்டத்துக்கு எதிரே ஓடினேன்.

பாதிச் சந்தில் அவள் கையைத் தரையில் ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வந்தாள். முட்டியெல்லாம் சிராய்ப்பு. என்னைப் பார்த்ததும் கத்தினாள். "இன்னாத்துக்குடி வந்த? என்ன உட்டுட்டு நீ ஏறு!"

"வாய மூடிக்கினு கழுத்தப் புடி" என்று முதுகில் ஏற்றிக்கொண்டேன். எப்படித் தூக்கினேன், எப்படி நடந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

படிக்கட்டில் கூட்டம் நகராமல் நின்றது. மேலே இரும்பு கேட்டில் பூட்டு! பள்ளியை மூடியபோது போட்டது. முன்னால் இருந்தவர்கள் கேட்டை உலுக்கினார்கள், பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், குழந்தைகள் வீறிட்டன. அக்காவின் கை என் கழுத்தை இறுக்கியது. நம் கதை இந்தப் படியிலேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன். என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை.

"ஒண்ணுமில்ல, சொம்மா அடிச்சாரு, எறங்குங்க" என்று மைக்கில் யாரோ கத்தினார்கள். கடல் அதுபாட்டுக்குக் கிடந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் உட்கார்ந்து அழுதார்கள். மீன் விற்கும் அம்மா ஒருத்தி "யோவ், அறிவு கீதா உனக்கு?" என்று விருந்தினரைப் பிடித்துக்கொண்டாள். பாவம், எங்கள் வழக்கம் அவருக்கு எங்கே தெரியும்? முகம் வெளிறிப்போய் எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

விழாவை விட்ட இடத்திலிருந்து தொடங்கி என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அக்காவைக் கீழ்ப்படியில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். பள்ளிக்கூடத்தின் சரித்திரம் என்று தயார் செய்து வந்தது ஒரு வரிகூட வாயில் வரவில்லை. கட்டடத்தை இடிக்கும் வேலையைப் பார்க்கும் அதிகாரி முன்வரிசையில் இருந்தார். அவரைப் பார்த்தே கேட்டேன்.

"மேல் கேட்டுச் சாவிய எங்க குப்பத்துல யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போங்க சார். இன்னிக்கி நெசமாவே கடலு வந்திருந்தா படியிலயே போயிருப்போம்."

அவர் நல்ல மனிதர், தன்மையாகத்தான் பதில் சொன்னார். "சாவி எதுக்கும்மா? அடுத்த மாசம் கட்டடமே இருக்காது, படியும் சேர்ந்து போயிடும். கவலைப்படாதீங்க, மணிய மட்டும் நினைவுச் சின்னமா இங்கயே ஒரு கம்பம் நட்டு மாட்டிடுவோம்."

விழாவுக்கு வெளியிலிருந்து வந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். தட்டி ஓயும் வரை பொறுத்திருந்து, படியில் இருந்தபடியே அக்கா கேட்டாள்.

"அதயும் எடுத்துக்கினு போயிடு சார். ஏற எடமே இல்லாதப்போ அது அடிச்சா, நா குந்தன எடத்துலயே குந்திக்கினு, அதக் கேட்டுக்கினே சாவணுமா?"