என் கட்டைவிரல் பட்ட இடம்

வேலைக்காகத் தினமும் சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போய்வருகிறவள் நான். அன்று சாலையை அகலப்படுத்தும் இடத்தில் ஒருவர் கைகாட்டி பஸ்ஸை நிறுத்தி ஏறினார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். சட்டையெல்லாம் கறுப்பு மை. விரித்துப் பிடித்த பெரிய ஈரக் காகிதத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கறுப்பின் நடுவே வெள்ளையாகப் பழைய எழுத்துகள்.

“இந்த முனைய கொஞ்சம் புடிச்சிக்கோமா. மடிச்சா ஒட்டிக்கும்.”

பிடித்தேன். கல்லூரியில் சரித்திரப் பேராசிரியராம், சொந்த ஊர் வெதுருகுப்பம். ஞாயிற்றுக்கிழமையானால் கல்வெட்டு தேடிப் போய்விடுவாராம். இது அப்படி ஒரு கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, மை ஒற்றி எடுத்த படியாம்.

“கல்லையே கட்டிக்கினு இருந்திருக்கலாமேன்னு வீட்ல கேப்பாங்க” என்றார். சிரிக்கவில்லை.

“காஞ்சப்புறம் எடுத்திருக்கலாமே சார்?”

“ஜேசிபி வந்து நின்னுக்கினு இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன், அரைமணி நேரம் குடுத்தான். கல்லு இப்ப ஜல்லிமா. இதுதான் மிச்சம்.”

“என்ன எழுதியிருக்கு?”

“இன்னும் படிக்கல. எங்க விட்டாங்க?”

ஜன்னல் காற்றில் காகிதம் படபடத்தபோதெல்லாம் முதுகை வளைத்து மறைத்துக்கொண்டார். ஒரு பள்ளத்தில் பஸ் குலுங்கியது. நான் பிடியை இறுக்கினேன்.

திருப்பதியில் இறங்கும்போது என் பக்கத்து முனையைப் பார்த்தார். என் கட்டைவிரல் இருந்த இடத்தில் மை பரவி, மூன்று எழுத்துகள் காணாமல் போயிருந்தன. காகிதத்தை மெதுவாகத் தன் பக்கம் வாங்கிக்கொண்டார்.

“ரொம்ப நன்றிமா” என்றார்.

திட்டியிருக்கலாம். அங்கே யாருடைய பெயர் இருந்ததோ, இனி அவராலும் சொல்ல முடியாது.