காலியாக விட்ட இடம்

இருபத்தைந்து வயது முடிவதற்குள் சர்க்கார் வேலையில் நுழைந்துவிட வேண்டும். தாண்டிவிட்டால் மனுவைத் தொடக்கூட மாட்டார்கள். எனக்கு அப்போது இருபத்து நான்கு. எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு நைனாவோடு ஏர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் புத்தூர்ப் பக்கம். ஆந்திரா தனி ராஜ்யமானபோது அதோடு போனது. ஆனால் எல்லைத் தகராறு தீரவில்லை. ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேரும் என்று பாதிப் பேர், சேராது என்று பாதிப் பேர்.

சித்தூர் கோர்ட்டுக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுப்பவரிடம் போனேன். நல்ல குடும்பம், நல்ல நடத்தை, திடகாத்திரமான உடம்பு என்று எல்லோருக்கும் அடிக்கிற வரிகளை என்னை ஏறிட்டுப் பார்க்காமலே இங்கிலீஷில் அடித்தார். பார்த்திருந்தால் அந்த ஒல்லிக்குச்சி உடம்புக்கு அப்படி அடித்திருக்க மாட்டார். 'சொந்த ராஜ்யம்' என்ற இடம் வந்ததும் அவர் கை நின்றது.

"ஆந்திரான்னு அடிச்சுட்டு, நாளைக்கு ஊரு அந்தாண்ட பூட்டா இன்னா பண்ணுவே? காலியா வுட்டுடறேன். எங்க அனுப்புறியோ, அதுக்குத் தக்கன நீயே ரொப்பிக்கோ" என்றார்.

கார்பன் வைத்து ஆறு பிரதி. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு ராஜ்யத்தையும் பையில் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. சென்னைக்கு மூன்று போயின, பதிலே இல்லை. ஆந்திரா என்று எழுதி அனுப்பிய ஒன்றுக்குத் திருப்பதி ஆபீஸ் ஒன்றிலிருந்து குமாஸ்தா வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏமய்யா, மத்ததெல்லாம் மிஷின்ல அடிச்சிருக்கு. ராஜ்யம் மட்டும் ஏன் பேனாவுல?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது உண்மைதான். "எங்க ஊரு எந்தப் பக்கம்னு இன்னும் முடிவாகலீங்க, சார்."

அவர் கோபப்படக்கூட இல்லை. "முடிவானதும் வா" என்று காகிதத்தை ஒதுக்கி வைத்தார். திருப்பதி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. டைப் அடித்தவர் மேலா, எல்லைக் கோட்டின் மேலா, என் அதிபுத்தியின் மேலா?

முடிவாவதற்கு ஆண்டுகள் ஆயின. பக்கத்து ஊர்கள் சில அந்தாண்டை போயின. எங்கள் ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. சேதி கேட்டதும் நைனா வயலிலிருந்து கால் கழுவாமல் ஓடி வந்தார். வயது வரம்பு என்று ஒன்று இருப்பதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

"இப்பதான் தெரிஞ்சு போச்சே. எட்றா அந்தக் காய்தத்த. ரொப்பு" என்றார்.

பெட்டியிலிருந்து மிஞ்சிய இரண்டு பிரதிகளை எடுத்தேன். வயது இருபத்து நான்கு என்று மிஷின் எழுத்து சொல்லியது. எனக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால் ஆந்திரா என்று அழகாக எழுதினேன்.

"ரொப்பிட்டியா?"

"ரொப்பிட்டேன் நைனா."

"நாளைக்கே திருப்பதிக்குப் போ" என்று சொல்லிவிட்டு, என் வெள்ளைச் சட்டையைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனார்.