கூப்பிட்டால் கேட்காத சில்லு

கலிபோர்னியாவின் சான்டா கிளாரா பள்ளத்தாக்கில் ஆப்ரிகாட் பூ உதிர்ந்துகொண்டிருந்த எழுபத்தெட்டாம் வருட வசந்தம். பக்கத்து மேசைக்காரி ஓடெட் சில்வெய்ரா, பழ டப்பா ஆலைக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பலகையை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்த கணினிச் சில்லு மின்னல் வேகம். தொட்டால் விரல் சுடும். ஆனால் ஆலையின் எந்த வால்வும் தனக்கு ஏதாவது தேவைப்பட்டால் அதைக் கூப்பிட வழியே இல்லை.

“செவிட்டுக் கழுதையைக் கட்டிக்கிட்டு அழறியேடி,” என்று எரிந்து விழுந்தேன்.

“யாரும் கூப்பிடறதுக்கு முன்னாடி அதுவே போய்க் கேட்டுடும், வெர்னா. வேகம் பின்ன எதுக்கு?”

அப்படித்தான் நிரல் எழுதினாள். ஒவ்வொரு வால்விடமும் ‘ஏதாவது வேணுமா?’ என்று கேட்டுவிட்டுச் சில்லு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சோதனைக்காக அவள் வேகத்தைக் குறைத்தபோது பலகையில் வால்வுக்கு ஒன்றாக இருந்த சின்ன விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மினுங்கின. ஜன்னலுக்கு வெளியே பூக்களும் அதே நிதானத்தில் உதிர்ந்தன. வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோடையில் என் கணவன் வீட்டை விட்டுப் போனான். யாரிடமும் சொல்லவில்லை. தொலைபேசியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துக் கிடந்தேன். கதவு தட்டும் சத்தம் கனவு போலக் கேட்டது. திறந்தால், சூடான இனிப்பு ரொட்டியோடு ஓடெட்.

“உன்னை யாருடி கூப்பிட்டா?” என்று கத்தினேன்.

“நீ கூப்பிடல. அதான் வந்தேன்.”