பதினோராவது நட்டு

தோட்டத்தை விற்றபோது எங்களுக்கென்று விட்டுப்போனது ஒன்பது வீடும் ஒரு டிராக்டரும்தான். செண்டாயான் பக்கம் புதுச் சாலை போட வந்தவர்கள் மண்ணைத் தோண்டும்போது எங்கள் தண்ணீர்க் குழாயையும் சேர்த்துத் தோண்டி எறிந்தார்கள். இதுவரை பதினாறு கடிதம் எழுதிவிட்டேன். வந்த பதில் இரண்டு. இரண்டிலும் ஒரே வரி: கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. எடுத்துக்கொண்ட கவனத்தை எங்கே வைத்தார்களோ தெரியாது. நாங்கள் தினம் இரண்டு தடவை டிராக்டரின் பின்னால் தொட்டியை மாட்டி, பெரிய ரோட்டுக் குழாயில் நிரப்பிக்கொண்டு வருகிறோம். வீட்டுக்கு இரண்டு டிரம். குளிக்க, சமைக்க, துவைக்க எல்லாம் அதற்குள்தான்.

டிராக்டர் ஓட்டுவது என் மனைவியின் தம்பி. முப்பத்தோரு வருடம் இதே தோட்டத்தில் இதே வண்டியை ஓட்டியவன். நான் இங்கே கிராணியாக இருந்தவன். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டும், அதற்குப் பிறகு ஆபீஸ் கணக்கும் என் வேலை. பெரட்டில் பேர் விட்டுப்போனால் அன்றைக்குக் கூலி கிடையாது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை எஞ்சின் எண்ணெயைப் பார்த்தால் கடையில் ஆற்றித் தருகிற பால் தேநீர், தேத்தாரே நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது.

"ஹெட் கேஸ்கெட் போச்சு மாமா," என்றான். எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற தகடு அது. அது விட்டால் வண்டி ஓடாது, வண்டி ஓடாவிட்டால் தண்ணீர் இல்லை. அன்றைக்கே சிரம்பானுக்குப் போய் ஒரு செட் வாங்கிவந்தான். பிரித்து எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று உருப்படி, குறையவில்லை.

ஞாயிறு காலையில் தலையைக் கழற்றினோம். வீடுகளில் இருந்த தண்ணீர் அன்று மாலைவரை தாங்கும். ஐந்தாவது வீட்டில் அதுவும் தாங்காது. அங்கே தோட்டத்தில் புல்வெட்டு வேலை செய்தே வயதான ஓர் அம்மா, படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனை நாளுக்கு இரண்டு தடவை கழுவித் துடைக்க வேண்டும்.

பழைய தகடு ஒட்டிக்கொண்டிருந்த இடத்தை அவன் பிளேடால் சுரண்டினான். சுத்தம் என்று சொன்ன பிறகு நான் விரலால் தடவி நான்கு இடத்தில் மிச்சம் காட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதையும் சுரண்டினான். பிறகு சிலிக்கான் குழாயை எடுத்துப் புதுத் தகட்டின் இரண்டு பக்கமும் சந்தனம் பூசுவதுபோல் பூச ஆரம்பித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியோடு வந்த காகிதத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது: இந்தத் தகட்டை ஒன்றும் தடவாமல் வைக்க வேண்டும்.

"முப்பது வருஷமா இப்படித்தான் போடறேன் மாமா."

"முப்பது வருஷத்துல எத்தனை தடவை கழட்டின?"

"அதையும் நீங்கதான் எண்ணி வச்சிருப்பீங்களே."

பெட்ரோல் துணியால் நானே துடைத்தேன். துடைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

தலையில் பதினேழு நட்டு. நடுவிலிருந்து வெளியே, வரிசை மாறாமல், மூன்று சுற்று இறுக்க வேண்டும். படத்தைப் பார்த்து நான் நம்பர் சொல்வது, அவன் அந்த நட்டை இறுக்குவது என்று ஏற்பாடு. இரண்டு சுற்று ஒழுங்காகப் போனது. மூன்றாவது சுற்றில் பத்து சொன்னேன், இறுக்கினான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"மாமா, நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிடணும்."

இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"காலண்டர்ல போட்டிருக்கிற நேரம் காலையில ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற ஊருக்கு. இங்க எத்தனை மணிக்கு உதிக்குது? ஏழுக்கு மேல. அப்ப உன் ராகு அஞ்சே முக்காலுக்குத்தான் வருவான்."

"கோயில் காலண்டர்ல நாலரைன்னு போட்டிருக்கு லா."

"கோயில் காலண்டரை அச்சடிச்சவனுக்கு சூரியன் தெரியுமா?"

"ராகுவுக்கே நீங்க பேர் கூப்பிடுவீங்க மாமா. கூப்பிடுங்க, அடுத்தது என்ன?"

"பன்னிரண்டு," என்றேன்.

நாலு இருபத்தைந்துக்கு நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியைக் கிளப்பினான். அதற்குள் வாளியோடு ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். எஞ்சின் நன்றாகத்தான் பிடித்தது. சூடேறியதும் தலையின் ஓரத்தில் தண்ணீர் சொட்டியது. கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொட்டு.

அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். பூசாதே என்றால் பூசுகிறான், துடைத்தும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ராகுவைப் பார்க்கிறவனுக்கு எஞ்சின் எதற்கு என்றெல்லாம் சொன்னேன். அவன் எஞ்சினை நிறுத்தினான். சூடு ஆறியதும் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்தான். பதினொன்றில் மட்டும் ஸ்பேனர் இன்னும் கால் சுற்று சுலபமாகச் சுற்றியது.

என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த படத்தைப் பார்த்தேன்.

பிறகு ஆட்கள் பக்கம் திரும்பி, "சாமான் சரியில்ல. தண்ணி ஒழுகின தடம் தகட்டுல விழுந்துடுச்சு, இனிமே இறுக்கினாலும் நிக்காது. நாளைக்குக் கடை திறந்ததும் வேற வாங்கிட்டு வரேன்," என்றான்.

அவன் என் மேல் பழியைப் போட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். சாமானின் மேல் போட்டுவிட்டான். அதற்கு என்ன சண்டை பிடிப்பது? வாளிகள் காலியாகத் திரும்பிப் போயின. பதினான்கு வாளி. ஐந்தாவது வீட்டு அம்மா கையில் இரண்டு.

மறுநாள் அவன் புதுத் தகடு வாங்கிவந்ததும் மறுபடி கழற்றினோம், சுரண்டினோம். இந்தத் தடவை அவன் சிலிக்கான் குழாயைத் தொடவில்லை. நட்டு இறுக்க ஆரம்பிக்கும்போது ஒரு சாக்குக்கட்டியை என் கையில் கொடுத்தான்.

"நான் இறுக்க இறுக்க நீங்க பக்கத்துல கோடு போடுங்க மாமா. வாயைத் திறக்க வேணாம்."

ஐம்பத்தொரு கோடு போட்டேன். எஞ்சின் அரை மணி நேரம் ஓடியும் ஒரு சொட்டு இல்லை. மூன்று மணிக்குத் தொட்டி நிரம்பி வந்தது.

தொட்டிக் குழாயைப் பிடித்து டிரம்மில் விடுவது எப்போதும் என் வேலை. ஐந்தாவது வீட்டு வாசலில் அந்த அம்மா கேட்டாள்:

"பாவம் ஐயா, நேத்து கடைக்காரன் ஏமாத்திட்டானாமே?"

"கடைக்காரன் ஒண்ணும் ஏமாத்தல. பதினொண்ணைக் கூப்பிடாம விட்டது நான்."

அவள் சிரிக்கவில்லை. டிரம்மைக் குழாய்க்கு நேராகத் தள்ளி வைத்தாள்.

"இருபது வருஷம் பெரட்டுல நீங்கதான் ஐயா பேர் கூப்பிட்டீங்க. எம் பேரை எத்தனை நாள் விட்டீங்களோ."

டிராக்டர் மேல் இருந்தவன் சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் குழாய் கையிலிருந்து நழுவிச் சட்டையெல்லாம் நனைந்தது. ஒருநாளும் விட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நேற்று மாலை நாலு மணிவரை அதைச் சத்தியம் செய்தே சொல்லியிருப்பேன்.

இரண்டு டிரம்மும் நிரம்பின.

"இன்னொண்ணு கொண்டா," என்றேன்.

"வீட்டுக்கு ரெண்டுதானே ஐயா?"

"கொண்டான்னா கொண்டா."

அவள் உள்ளே போனாள். நான் டிராக்டரைப் பார்த்துக் கத்தினேன், மூன்றாவது டிரம் ஏன் என்று எவனும் என்னைக் கேட்கக் கூடாது என்று. அவன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.