நின்று நின்று நடந்தவள்

முட்டியில் ஆப்ரேஷன் செய்து காயம் ஆறிய பிறகு டாக்டர் எனக்குச் சொன்ன மருந்து நடைதான். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். வலித்தால் நிற்க வேண்டும், வலி குறைந்ததும் நடக்க வேண்டும். அப்போதுதான் பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தேன். புக்கிட் மெர்தாஜாமில் தங்கை குடும்பத்தோடு இருந்த வீட்டில் என் அறை மாடியில். அந்தப் படிகளுக்குப் பயந்துதான் கடலைத் தாண்டி, தீவிலுள்ள டத்தோ கிராமாட்டுக்கு வந்து, கீழேயே படுக்கை போட வசதியுள்ள ஒரு பழைய வரிசை வீட்டை வாடகைக்கு எடுத்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, முதல் முறையாக ஒரு வீட்டின் சாவி என் கையில் மட்டும் இருந்தது.

எங்கள் சந்து குறுகலானது. காரோ வேனோ, ஒரு காடி வந்தால் பூனைகள்கூட ஒதுங்கி நிற்க வேண்டும். வரிசை முழுவதும் ஒரே சீன முதலாளிக்குச் சொந்தம். குடியிருப்பவர்கள் அத்தனை பேரும் வாடகைக்காரர்கள், பாதிக்கு மேல் தமிழர்கள். எதிர்வீட்டு அக்கா காலையில் வாசலில் அடுப்பு வைத்து இடியப்பமும் தோசையும் விற்பார். சந்து அவரைச் சுற்றித்தான் விழித்துக்கொள்ளும்.

என் நடை அந்த அடுப்பைத் தாண்டித் தொடங்கும். சந்து முனையில் சாமி மேடை வைத்த சீனர் வீடு, அப்புறம் பெரிய சாலை, காய்கறி, மீன் விற்கும் பசாரின் பின்பக்கம், முருகன் கோயில் மதில், பிறகு அதே வழியில் திரும்புவது. சில வீடுகளைத் தாண்டியதுமே முட்டி சுள்ளென்று இழுக்கும். நடுச்சந்தில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கம். அதனால் கைப்பேசியை எடுத்து, எதையோ பார்ப்பவள் போல முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். வலி அடங்கியதும் பையில் போட்டுவிட்டு நடப்பேன். அடுத்த வலிக்கு அடுத்த வீட்டு வாசல்.

கொஞ்ச நாளிலேயே சந்தில் ஏதோ சரியில்லை என்று பட்டது. நான் வருவது தெரிந்ததும் பேச்சு நிற்கும். ஒரு வீட்டில் கதவைச் சாத்துவார்கள். இன்னொரு வீட்டில் நாற்காலியை உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். அக்காவுக்கு ஒரு தம்பி உண்டு. அதே வரிசையில் கடைசி வீட்டில் இருப்பவர், ஐம்பதை நெருங்கும் வயது. நான் பெரிய சாலைக்குத் திரும்பும்போதெல்லாம் அவருடைய மோட்டார் சைக்கிள் எனக்குப் பின்னால் ஊர்ந்து வரும். முந்தவும் செய்யாது, நிற்கவும் செய்யாது.

தனியாக இருக்கிற பெண் என்பதாலா, நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவள் என்பதாலா, எனக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர்கள் ஏதாவது செய்துவிட்டுப் போனார்களா? காரணம் தெரியாமல் நானும் அவர்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். வாசலில் விட்ட செருப்பு இடம் மாறியிருந்தால், யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று தோன்றும். பின்கதவுக்கு இன்னொரு பூட்டு வாங்கிப் போட்டேன்.

அக்கா இடியப்பத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேள்வி கேட்பார். முன்னே எங்கே வேலை, என்ன வேலை, தேடி யாராவது வருவார்களா. தம்பிக்காகத்தான் விசாரிக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். தொழிற்சாலை, ஆபிஸ் வேலை, யாரும் வரமாட்டார்கள் என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பதில் சொல்வேன். நான் வாயை மூட மூட, அவர் கண் என்மேல் இன்னும் கூர்மையாக நின்றது.

ஒருநாள் பகலில் இரண்டு ஆட்கள் வந்து எங்கள் சந்தின் நீள அகலத்தை அளந்தார்கள். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் சாக்கடை ஓரத்தில் சிவப்புச் சாயத்தால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் இடியப்பம் கேட்டபோது அக்கா முடிந்துவிட்டது என்றார். தட்டுகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் வந்தவருக்கு இரண்டு பொட்டலம் கிடைத்தது.

அன்று சாயங்காலம் அக்கா, தம்பி, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி என மூன்று பேர் என் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"நீங்க யாரு அனுப்பின ஆளு?" என்று அக்கா கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"வீடு வீடா நின்னு போன்ல படம் பிடிக்கிறீங்க. இப்ப அளக்க ஆள் வந்திருக்கு. இந்த வரிசையை வாங்கி ஹோட்டலாக்கப் போறாங்கன்னு பேச்சு. நாங்க இங்கேயே பொறந்தவங்க. எங்ககிட்ட நேரா சொல்லிடுங்க லா."

சிரிப்பு வந்தது, அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பாவாடையை முட்டிக்கு மேல் தூக்கித் தழும்பைக் காட்டினேன். வலித்ததால் நின்றேன், வெட்கத்தால் கைப்பேசியைப் பிடித்தேன் என்று சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் குனிந்து தழும்பைப் பார்த்து ஐயோ என்றாள். அக்கா அசையவில்லை. போனைக் காட்டுங்க என்றார். கொடுத்தேன். பெரும்பாலும் தங்கை பிள்ளைகளின் படங்கள், நடுவில் சில பூனைகள். அப்புறம், ஆவிக்கு நடுவே அடுப்பில் குனிந்திருக்கும் அக்காவின் படம் ஒன்று. ஒரு காலையில் அழகாக இருந்தது என்று எடுத்தது. அதைக் கேட்காமல் எடுத்தது ஏன் என்று நான் விளக்குவதற்குள் அக்கா போனை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தம்பி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்து நடங்க அக்கா," என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனாலும் நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

சிவப்புக் கோடு சாக்கடை பழுதுபார்ப்பதற்காகப் போட்டது என்று அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. வேலையாட்கள் வந்து தோண்டினார்கள், புதுக் கல் பதித்தார்கள். சந்து கொஞ்சம் மூச்சு விட்டது. பக்கத்து வீட்டுப் பெண் பேச ஆரம்பித்தாள். அக்காவும் இடியப்பம் கொடுத்தார், பேசாமல்.

முட்டி தேற, என் நடையும் நீண்டது. பெரிய சாலையைத் தாண்டி, முன்பு போகாத தெருக்களுக்குப் போனேன். அப்படி ஒரு காலையில் ஒரு கோப்பிக் கடையில் அக்காவின் தம்பியைப் பார்த்தேன். முழுக்கைச் சட்டை போட்ட இரண்டு பேர் அவரோடு இருந்தார்கள். மேசையில் பெரிய காகிதம் ஒன்று விரித்திருந்தது. அதில் எங்கள் சந்து வீடுகளைப் போலவே நீளமாக, கட்டம் கட்டமாக ஒரு வரிசை. தம்பி ஒரு கட்டத்தைத் தொட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து சாலைக்கே வந்துவிட்டார்.

"இவ்வளவு தூரம்லாம் நடப்பீங்களா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கண்டதைப் போய்ச் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. ஏற்கெனவே உங்க மேல ஆளுங்களுக்கு நல்ல எண்ணம் இல்ல."

என்னைப் பற்றிய பேச்சு சந்தில் எங்கிருந்து கிளம்பியது என்று அந்த நொடியில் புரிந்த மாதிரி இருந்தது. உறுதியாகத் தெரியாது. ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் யாரும் அவரைப் பார்க்கவில்லை.

சொல்வதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். சொன்னால், பழியைத் திருப்பிவிடப் பார்க்கிறாள் என்பார்கள். சொல்லாமல் இருந்து நாளைக்கு ஏதாவது ஆனால், என் முகத்தில் நானே விழிக்க முடியாது. கடைசியில், வியாபாரம் முடிந்து அக்கா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"அவன் என் தம்பி. நீங்க நேத்து வந்தவங்க," என்றார்.

அதன் பிறகு நான் பசாரிலிருந்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன். எதிரில் ஆவி எழுவது ஜன்னலில் தெரியும்.

சில வாரம் கழித்து ஒரு காலை, அடுப்பை மூடியதும் அக்கா சேலை மாற்றி, குடையோடு என் வாசலில் வந்து நின்றார். "அந்தக் கடை எங்க? காட்டுங்க," என்றார். ஏன் திடீரென்று என்று நான் கேட்கவில்லை. ஏதோ ஒன்று அவர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் நடந்தோம். என்னைத்தான் சோதிக்கிறாரோ, அங்கே யாரும் இல்லாவிட்டால் என்ன சொல்வேன் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி இருந்தார். அந்த முழுக்கைச் சட்டைக்காரர்களில் ஒருவரும் இருந்தார். அக்கா நேராகப் போய் மூன்றாவது நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான் வெளியே நின்றேன். சட்டைக்காரர் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். தம்பி முதலில் மறுத்தார். பிறகு சொன்னது எனக்கே கேட்டது.

"விக்கிறவங்க வித்துதான் தீருவாங்க. வாங்க வர்றவங்களுக்கு நான் வீட்டைக் காட்டாட்டி இன்னொருத்தன் காட்டுவான். நம்ம ஆளே நடுவுல இருந்தா நமக்குத்தானே நல்லது?"

"நமக்கா, உனக்கா?" என்று அக்கா கேட்டார். குரல் உயரவில்லை.

அக்கா எழுந்து வந்து குடையை விரித்தார். வெயில் ஏறியிருந்தது. பாதிக் குடையை என் பக்கம் சாய்த்தபடி நடந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வரிசையின் கடைசியில் மூன்று வீடுகள் கைமாறிவிட்டன, தம்பி குடியிருந்த வீடும் அதில் ஒன்று. அவர் பத்து காவான் பக்கம் குடிபோய்விட்டார். தீபாவளிக்கு வந்தார், அக்கா சாப்பாடு போட்டார், பக்கத்தில் உட்காரவில்லை. மூன்று வீட்டையும் சேர்த்து உடைத்துத் தங்கும் விடுதி கட்டுகிறார்கள். நாள் முழுக்கத் தூசி. அக்கா இடியப்பத் தட்டுகளை ஈரத்துணி போட்டு மூடி வைக்கிறார்.

போன வாரம் வீட்டு முதலாளியே வந்தார். பழுத்த கிழவர்; மகன் காடியில் கூட்டி வந்திருந்தான். மீதி வீடுகளை விற்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம் என்று வீடு வீடாக மலாயில் சொன்னார். எல்லாரும் கும்பிட்டு அனுப்பினோம். காடி சந்து முனையைத் திரும்பும்வரை அக்கா என் பக்கத்திலேயே நின்றார்.

"வாக்குக் குடுத்தது அப்பாதான். மகன் காடிய விட்டு எறங்கவே இல்ல, பாத்தீங்களா?" என்றார்.

பார்த்தேன் என்றேன்.